மின்விசிறிக்குக் கீழே பறந்த இட்லி

எனக்குப் போட்டோ எடுத்துக்கொள்வது பிடிக்காது. என் கல்யாண ஆல்பத்திலேயே பாதிப் படங்களில் யாரையோ முறைத்துக்கொண்டுதான் நிற்பேன். அப்படிப்பட்டவளிடம் வேலூரில் ஒரு பள்ளிக்கூடம், விண்ணப்பத்தோடு டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ லிங்க்கும் அனுப்பச் சொன்னது. நான் எப்படிப் பாடம் நடத்துகிறேன் என்று காட்டுகிற ஓர் இணையப் பக்கம். என்னைப் பற்றிய குறிப்பு, பாடத்திட்டம், பிள்ளைகள் செய்தவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். வகுப்பில் எடுத்த வீடியோ கட்டாயம்.

வேறு வேலையாக இருந்தால் போங்கள் நீங்களும் உங்கள் லிங்க்கும் என்று விட்டிருப்பேன். இதை விட முடியாது. வீடு வேலூரில், நான் அறிவியல் டீச்சராக இருந்தது ஆம்பூரில். என் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. அவள் கண் விழிக்கும்போது என் பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியிருக்கும். அவளை எழுப்பி, பல் தேய்த்துவிட்டு, கோணல் வகிடெடுத்துப் பின்னிவிடுவது அவள் அப்பாதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் எழும்போது நான் பக்கத்தில் இருப்பேன். தூங்கி எழுந்த முகம் உப்பியிருக்கும், கன்னத்தில் தலையணைக் கோடு விழுந்திருக்கும். அந்த முகத்தை வாரத்துக்கு ஒரு தரம்தான் பார்க்கக் கொடுத்துவைத்திருந்தது. அந்த வேலூர்ப் பள்ளி எங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரம். அந்த வேலை எனக்கு வேண்டும். ஏங்கினேன் என்றே சொல்கிறேன், அதில் என்ன வெட்கம்?

ஆம்பூர்ப் பள்ளியில் கம்ப்யூட்டர் மிஸ் என் தோழி. உள்ளூர்க்காரி. வீட்டில் உருது, பள்ளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். “பக்கத்த நான் செஞ்சு தர்றேன். போட்டோவும் வீடியோவும் மட்டும் குடுங்க மிஸ்” என்றாள்.

முதலில் என்னைப் பற்றிய குறிப்பை எழுதிக்கொண்டு போனேன். ஒவ்வொரு குழந்தையும் ஒரு மலர், ஆசிரியர் ஒரு தோட்டக்காரர் என்று தொடங்கி ஒரு பக்கம். அவள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“அப்ப நேத்து வராண்டால நின்னுக்கினு காது கிழிய கத்தனது யாரு, தோட்டக்காரரா?”

குறிப்பைத் தள்ளிவைத்துவிட்டுப் போட்டோக்களைத் திறந்தோம். அதுதான் பெரிய பேஜார்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். யாராவது அதிகாரி வந்தாலோ, எதற்காவது போட்டோ அனுப்ப வேண்டும் என்றாலோ, கலர் சாக்பீஸில் தேதி எழுதி, பிள்ளைகளைக் கை கட்டி உட்காரவைத்து எடுப்போம். வருஷக்கணக்கில் எடுத்து எடுத்து, போன் மேலே எழும்பினாலே பிள்ளைகளின் கை தானாகக் கட்டிக்கொள்ளும். யாரும் சொல்லவே வேண்டாம். குழு விவாதம் என்று எடுத்த படத்தில் வட்டமாக உட்கார்ந்து கை கட்டியிருந்தார்கள். சோதனைப் படத்தில் குடுவை மட்டும் தனியாக நுரைத்துக்கொண்டிருந்தது. சுற்றி எல்லோரும் கை கட்டி நின்றார்கள். செடி நட்ட படத்தைப் பார்த்ததும் தோழிக்குத் தாங்கவில்லை.

“இன்னா மிஸ் இது, செடிய அரெஸ்ட் பண்ணி வெச்சிருக்கீங்களா?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் ஏழாம் வகுப்பில் போனைத் தூக்கிக்கொண்டு, “யாரும் கை கட்டக் கூடாது! நார்மலா இருங்க!” என்று கத்தினேன். எல்லோரும் கையைப் பிரித்து மேசை மேல் ஒரே மாதிரி விரித்துவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நார்மலாக இருந்தார்கள். இத்தனைக்கும் அது பள்ளியிலேயே சத்தமான வகுப்பு. பக்கத்து வகுப்பு மிஸ் வாரம் தவறாமல் வந்து சண்டை போடுவார்.

லிங்க் அனுப்பக் கடைசி நாளும் வந்துவிட்டது. அன்று செரிமானப் பாடம். இந்தத் தரம் தந்திரமாகப் போனை மேசை மேல் ஜியாமெட்ரி பாக்ஸில் சாய்த்து, ரெக்கார்டிங்கைப் போட்டு, மேலே ஒரு நோட்டை மறைவாக வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பாடத்தைத் தொடங்கினேன்.

எனக்குச் செரிமானத்தைப் படம் வரைந்து நடத்தத் தெரியாது. பிள்ளைகளையே உடம்பாக நிற்கவைத்துவிடுவேன். முன்னால் இரண்டு பேர் வாய். அடுத்து உணவுக்குழாய். நாலு பேர் வட்டமாக நின்றால் இரைப்பை. சிறுகுடலுக்கு ஒரு பட்டாளமே வளைந்து வளைந்து நிற்கும். ஒரு பள்ளிப்பைதான் இட்லி. வாயில் கொடுத்தால் கைமாறிக் கைமாறிக் கடைசிவரை போக வேண்டும். பாதிப் பேரின் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஷூ கம்பெனியில் வேலை. இட்லி சிறுகுடலில் மாட்டியதும், “டேய், லைன் நிக்குது! கன்வேயர் நிக்குது! சூப்பர்வைசர் வர்றாரு!” என்று ஒரே கூச்சல். செரிமானத்தில் வேலையே இல்லாத குடல்வாலாக, அதாவது அப்பெண்டிக்ஸாக, நிறுத்திய பெண் ஒருத்தி மட்டும், “மிஸ், நான் இன்னா பண்ணணும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். “நீ சும்மா நில்லு” என்றேன். அவளுக்கு அது பொறுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மதியம் தோழியோடு உட்கார்ந்து வீடியோவைப் போட்டேன். தொடக்கத்திலேயே போன் சரிந்து மல்லாந்து விழுந்திருக்கிறது. மறைவுக்கு வைத்த நோட்டும் ஒருபக்கம் விழுந்துவிட்டது. படம் முழுக்க மின்விசிறி. சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரே ஒரு முறை அதன் கீழே ஒரு பள்ளிப்பை பறந்துபோகிறது. மெமரி நிறைந்து, பாடம் முடியும் முன்பே வீடியோ நின்றும் போயிருந்தது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தோழியோ துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்பு நின்றது. கண்ணை மூடிக்கொண்டு வெறும் சத்தத்தை மட்டும் கேட்டாள்.

“மிஸ், இதையே போடலாம்.”

“மின்விசிறியக் காட்டியா வேலை கேக்கறது?” என்று சீறினேன்.

“போட்டோவுல எல்லாம் வேற யாரோ இருக்காங்க. இதுலதான் நீங்க இருக்கீங்க. ஒரு மூஞ்சியும் தெரியல, பேரன்ட்ஸ்கிட்ட பெர்மிஷன் கேக்கற வேலையும் இல்ல.”

வேறு வழியும் இல்லை, நேரமும் இல்லை. பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடங்களை மட்டும் அவள் வெட்டினாள். வீடியோவின் கீழே நான், “கேமரா விழுந்துவிட்டது. வகுப்பு நடந்தது” என்று எழுதினேன். தோட்டக்காரரைத் தூக்கிக் கடாசிவிட்டு, “என் வகுப்பில் சத்தம் ஜாஸ்தி” என்று குறிப்பைத் தொடங்கினேன். அனுப்பிவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த லிங்க்கையே திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

ஆனாலும் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். எதிரே தலைமையாசிரியர் அம்மாவும் இன்னும் இரண்டு பேரும். சான்றிதழ்களைப் புரட்டியபின் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

“ஃபேனுக்குக் கீழே ஏதோ பறந்து போச்சே, அது என்ன?”

“இட்லி மேடம்.”

பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். புரையேறிவிட்டது.

“அது இருக்கட்டும். அந்த அப்பெண்டிக்ஸ் பொண்ணுக்குக் கடைசியில என்ன ஆச்சு? பாதியில நின்னுபோச்சு. எங்களுக்குத் தெரிஞ்சாகணும்.”

சொன்னேன். சும்மா நின்று நின்று அலுத்துப்போன அந்தப் பெண், “ஐயோ, எனக்கு வீங்கிக்கிச்சு!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டாள். இரைப்பை, குடல் எல்லாம் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தன. “வேலூருக்குத் தூக்குங்கடா!” என்று வாய் கத்தியது. வகுப்பே அவளைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனது. அன்றைக்குக் கடைசி பெஞ்சுதான் வேலூர்.

“அதென்ன வேலூர்?” என்றார் புரையேறியவர். வெளியூர்க்காரர் போலிருக்கிறது.

“எங்க பக்கம் யாருக்கு எது வந்தாலும் வேலூர் ஆஸ்பத்திரிதான் சார்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் இடம் மறந்து சிரித்தேன். வேலை கிடைத்துவிட்டது.

சந்தோஷத்தில் மிதந்தேன். ஆனால் ஆம்பூரில் கடைசி நாளன்று ஏழாம் வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டேன். நான் வேலூருக்குப் போகிறேன் என்றதும் அந்தக் குடல்வால் பெண் எழுந்தாள்.

“வேலூருக்குத் தூக்கிக்கினு போனது என்னத்தான மிஸ்? நீங்க ஏன் போறீங்க?”

அழுதுவிட்டேன். பிள்ளைகள் முன்னால் அழுதது அதுதான் முதல் தரம். மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு போட்டோ என்று போனைத் தூக்கினேன். யாரோ முன்பே சொல்லிவைத்திருக்க வேண்டும். சடாரென்று மொத்த வகுப்பும் கை கட்டி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு விறைத்தது. கடைசி பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரிக்க, எல்லாம் சரிந்து விழுந்தது. அந்த நொடியில் எடுத்த படம்தான் பெற்றோர் சம்மதத்தோடு இப்போது என் இணையப் பக்கத்தில் முதலில் இருக்கிறது.

புதிய பள்ளி திறந்த நாள் காலை நான் எங்கும் ஓடவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் பெண் எழுவதற்காகக் காத்திருந்தேன். மெல்லப் புரண்டாள். உப்பிய முகம், கன்னத்தில் தலையணைக் கோடு. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தவள் ஒரே துள்ளாக எழுந்து உட்கார்ந்தாள்.

“அம்மா, இன்னிக்கு ஞாயித்துக்கெழமையா?”

“இல்லடி தங்கம், திங்கக்கெழமை.”

அவள் நம்பவில்லை. அப்பாவைக் கேட்டுவரச் சமையலறைக்கு ஓடினாள்.