தேன் குப்பியும் என் ஒற்றைச் செருப்பும்

என் உடம்பு உள்ளுக்குள்ளே தேனாக மாறிக்கொண்டிருக்கிறது என்று ஐந்து நாள் மனப்பூர்வமாக நம்பியவன் நான். ஆறாத புண்ணோடு இதைப் படிப்பவர்கள் முதலில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். வலி கொஞ்சம் குறையும்.

டில்லியில் முடிசூட்டு தர்பார் நடந்த வருஷம் அது. சாத்தான்குளத்தில் ஒரு கலியாணம். நாற்பத்தேழு வயதில், சம்பந்தி வீட்டுப் பெண்கள் பார்க்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் பனைமட்டை வேலியைத் தாண்டிக் குதித்தேன். மட்டையின் கருக்கு (ஓரத்தில் அரம் போல இருக்கும் பல்) வலது கணுக்காலுக்கு மேலே நீளமாகக் கிழித்தது. பெண்கள் பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

தச்சநல்லூர் திரும்புவதற்குள் புண் சீழ் வைத்துவிட்டது. என் மனைவி ஆவுடையம்மாள் தேன் வைத்துக் கட்டினாள். முதலில், தெருவில் கூவி விற்ற தேன். நீர்த்துப்போய்க் கருப்பட்டிப் பாகு வாசம் அடித்தது. புண்ணுக்கு அது விருந்தாகிவிட்டது, வீச்சம் கூடியது. அதைக் கொட்டிவிட்டுப் பாபநாசம் மலைத்தேன் வாங்கினாள். கறுத்து, கரண்டியை விட்டு இறங்க மனமில்லாத தேன். வீட்டில் ஒரு சிமிழ் கொசுத்தேனும் (கொட்டாத சின்ன ஈயின், புளிப்புத் தட்டும் தேன்) இருந்தது. அது கைக்குழந்தைகளின் நாக்குக்கு. என் காலுக்கு அந்த மரியாதை கிடையாது என்றாள்.

காலையும் மாலையும் பழைய கட்டை அவிழ்த்து, வெந்நீரில் கழுவி, புதுக்கட்டு. கழுவுவது புறவாசல் கல்லில். அந்தக் கல்லோரம்தான் நான் ஒன்றுக்குப் போவதும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பத்தாம் நாள் கல்லோரம் எறும்பு மொய்த்தது. பக்கத்து வீட்டுச் சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஊரில் யார் நோயில் விழுந்தாலும் முடிவு முன்கூட்டியே தெரிந்தவர் அவர்.

"இது நீரிழிவுல்லா வே! ஆழ்வார்திருநகரியில எங்க மாமாவுக்கு இப்படித்தான் எறும்பு வந்துச்சு. பொறவு கால்ல புண்ணு. பொறவு டாக்டர் காலை எடுத்தாரு."

"பொழச்சாரா?"

"காலைக் கொண்டு எரிச்சோம். ஆறு மாசத்துல மிச்சத்தையும் எரிச்சோம்."

நீரிழிவு (சர்க்கரை சிறுநீரில் போகும் நோய்) வந்தால் தாகம் எடுக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். உடனே தாகம் எடுத்தது. பயத்தில் செம்பு செம்பாகக் குடித்தேன். குடித்ததால் அடிக்கடி புறவாசல் போனேன். போகப் போக நோய் ஊர்ஜிதமாயிற்று.

"ஆவுடை, வலது செருப்பை யாருக்காவது குடுத்துரு," என்றேன்.

"ஒத்தைச் செருப்பை எவன் வாங்குவான்? பேசாம ஆஸ்பத்திரிக்கு வாரியளா இல்லையா?"

எறும்பு வந்த ஐந்தாம் நாள் பாளையங்கோட்டைக்கு ஜட்கா வண்டி வைத்தோம். சிறுநீர் கொண்டுவரச் சொல்வார்கள் என்று சங்கரலிங்கம் சொல்லியிருந்ததால், மூலையில் கிடந்த குப்பி ஒன்றில் பிடித்து, மேல்துண்டில் சுற்றி, பிரசாதம் போல ஏந்திக்கொண்டு போனேன்.

டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை விட்டு, குப்பியிலிருந்து சில சொட்டுச் சேர்த்து விளக்கில் காட்டினார். சர்க்கரை இருந்தால் நீலம் போய்ச் செங்கல் நிறம் வருமாம். வந்தது. நல்ல சூளைச் செங்கல்.

என் கை தானாக முழங்காலைப் பிடித்துக்கொண்டது. ஆவுடை என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடி இறுகியபோது, அதுவரை செய்த கோமாளித்தனமெல்லாம் வற்றிப்போயிற்று.

"காலை எடுத்துருவியளா ஐயா?"

டாக்டர் கட்டை அவிழ்த்தார். வெகுநேரம் பார்த்தார். "வீச்சமே இல்லையே. சதை நல்லாச் சிவந்து வருது. இவ்வளவு சர்க்கரை உள்ளவருக்குப் புண் இப்படி ஆறாது. என்ன போடுதிய?"

"மலைத்தேன்," என்றாள் ஆவுடை.

அவர் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகர்ந்தார். "பிள்ளைவாள், இது என்ன குப்பி?"

ஆவுடை எட்டிப் பார்த்தாள். "ஐயோ, அந்தக் கள்ளத்தேன் குப்பில்லா! கழுவாமயா பிடிச்சிய?"

"கழுவினாத் தண்ணி சேந்து டாக்டர் ஏமாந்துருவாரேன்னு..."

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. ஆஸ்பத்திரிக் கிண்ணத்தில் மறுபடி பிடித்துக் கொடுத்தேன். ஐந்து நாள் குடித்த தண்ணீர் அதற்கு உதவியது. நீலம் நீலமாகவே நின்றது.

"எறும்புக்கு உம்ம மேல ஒரு பிரியமும் இல்லை. கட்டுல இருந்து கல்லுல வழியுத தேன் மேலதான்," என்றார். கெட்டித்தேன் புண்ணின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கிருமி (கண்ணுக்குத் தெரியாத நோய்ப்பூச்சி) அதில் பிழைக்காது, நாரத்தங்காய் உப்பில் கெடாமல் கிடப்பது மாதிரி. பாகும் தண்ணீரும் கலந்த தேனில் கிருமிக்குக் கொண்டாட்டம் என்று விளக்கினார். மெய்யாகவே நீரிழிவு உள்ளவர்கள் தேனை நம்பி வீட்டில் உட்காரக் கூடாது என்றும் சொன்னார். அதையும் எழுதிவிடுகிறேன்.

அதன்பின் எனக்குக் கிழமை மறந்துபோயிற்று. புண் இன்று எத்தனை நெல் நீளம் என்பதுதான் நாள் கணக்கு. ஏழு நெல், ஐந்து நெல், இரண்டு நெல். நாற்பத்தேழு வருஷம் என்னைச் சுமந்த காலை, அந்த நாட்களில்தான் முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தேன். இப்போதும் காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் தொடுகிறேன்.

எனக்கு நீரிழிவு இல்லை. பனங்கருக்கு கிழித்த புண், தினம் இருவேளை கழுவி மலைத்தேன் வைத்துக் கட்டியதில் முப்பத்தெட்டாம் நாள் மூடியது.