கிரேனுக்குக் காட்டிய கை

என் மாமனார் துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டும் வேலை பார்த்தவர். கீழே நின்று அவர் கையை அசைத்தால்தான் மேலே டிரைவர் சரக்கை இறக்குவார். வேலையை விட்டு ஊரைவிட்டுப் போனவர், முப்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்து, நான் இப்போது வேலை பார்க்கும் அதே துறைமுகத்தைப் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

மஞ்சள் கோட்டைத் தாண்டாதீங்க என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே? பழைய கிடங்கு இருந்த இடத்தைத் தேடிக்கொண்டு நடுவில் போய் நின்றுவிட்டார். தலைக்கு மேலே கன்டெய்னர் இறங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, ஓடுங்க!"

ஓடவில்லை. ஓடினால் டிரைவர் குழம்பிவிடுவார், நின்ற இடத்திலேயே கை காட்டணும் என்பது அவர்கள் காலத்துப் பாடம். நிமிர்ந்து பார்த்து, 'நிறுத்து' என்று மடக்கிய கையை உயர்த்தினார். அவர் தலைக்குச் சற்று மேலே கன்டெய்னர் குலுங்கி நின்றது.

ஓடிப்போய் அவரை வெளியே இழுத்து வந்தேன். மனுஷன் சிரிக்கிறார்.

"பாத்தியாம்மா? டிரைவர் கெட்டிக்காரன். கையைப் பாத்ததும் நிறுத்திட்டான்."

எனக்கு வந்த கோபத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "மேல ஆளே கிடையாது மாமா! அது தானா ஓடுற மெஷின். கீழ நாய் வந்தாலும் நிக்கும்!"

அண்ணாந்து, காலியாகக் கிடந்த டிரைவர் கூண்டைப் பார்த்தார். அப்போதுதான் அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது.