கூறுவிலையில் ஓர் இன்ஷா அல்லாஹ்

அரசாங்கக் கந்தோரில் இருந்த காலம் முழுக்க மற்றவர்களுக்குப் பொருள் வாங்கிக் கொடுத்தவன் நான். கதிரை, ஜெனரேட்டர், பைல் கட்டும் நாடா வரை எதையும் பெறுகை நடைமுறை பிசகாமல் வாங்கினேன். அவற்றில் பாதி ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஆனால் கணக்காய்வில் ஒரு வினாவும் வந்ததில்லை. இந்தத் தகுதியோடுதான் மனைவிக்கு ஒரு லப்டொப் வாங்கப் புறப்பட்டேன்.

மனைவி இளைப்பாறிய கணித ஆசிரியை. பொத்துவிலில் உயர்தரம் படிக்கும் சில பெண் பிள்ளைகளுக்கு இணையவழியில் வகுப்பு எடுக்கிறார். அவர்களுக்கு வேறு ஆசிரியர் இல்லை. நோன்புக்காக வகுப்பு நின்ற வாரமே எங்கள் பழைய கணினியும் நின்றுவிட்டது. பெருநாள் கழிந்த கையோடு தொகையீட்டுப் பாடம் தொடங்குவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். போனின் திரையில் எழுதினால் பிள்ளைகளுக்கு எறும்பு ஊர்வது போலத்தான் தெரியும்.

வெறும் லப்டொப் என்றால் ஒரு பின்னேர வேலை. நான்தான் அதில் நிபந்தனை சேர்த்தேன். களவுப் பிரதி விண்டோஸ் பிறர் ஹக், அடுத்தவரின் உரிமை. அது வீட்டுக்குள் வரக் கூடாது. அதற்குப் பதிலாக, யுனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸ் இருக்கிறது. எவரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். இளைப்பாறிய பிறகு நானே கற்றுத் தேறி, கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் விளக்கி வருகிறேன். ஒரேயொரு சங்கடம், எல்லாக் கணினியும் அதற்கு இணங்காது. ஒன்றில் சத்தம் வராது, ஒன்றில் கமரா தெரியாது, இன்னொன்று வைஃபையைக் கண்டுகொள்ளாது.

ஆகவே விவரக்கூற்று ஒன்று தயாரித்து மூன்று கடைகளில் கூறுவிலை, அதாவது எழுத்தில் விலை, கேட்டேன். தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவும் நானே. கூட்டத்துக்குக் கோரம் குறைந்ததே இல்லை.

முதல் கடை கல்முனைப் பிரதான வீதியில். "இதில லினக்ஸ் ஓடுமா?" என்று கேட்டேன்.

"இன்ஷா அல்லாஹ், ஓடும் சேர்."

"எழுத்தில தருவீங்களா?"

தந்தார். கூறுவிலையின் அடியில், "இன்ஷா அல்லாஹ் லினக்ஸ் ஓடும்" என்று எழுதி முத்திரையும் குத்தியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு மூன்று தொனி உண்டு. வெடுக்கென்று சொன்னால் காரியம் நடக்கும். இழுத்துச் சொன்னால் முயன்று பார்ப்பார். கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னால் நீங்கள் வேறு இடம் பார்க்கலாம். கடதாசியில் தொனி இல்லை. 'அல்லாஹ் நாடினால்' என்பதும் ஒரு நிபந்தனைதான்; நிபந்தனையோடு வரும் கூறுவிலையை நிராகரிக்க வேண்டும் என்பது விதி. அந்த நிபந்தனையைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டு அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போக எந்த அதிகாரிக்குத் துணிவு வரும்?

இரண்டாவது கடை பாண்டிருப்பில். "ஓம் ஐயா, ஓடும்" என்றார் முதலாளி. நிபந்தனை எதுவும் இல்லை. எனக்குப் பரம திருப்தி. வெளியேறும்போது, "லினக்ஸ் எண்டா அந்த வைரஸுக்குப் போடுறதுதானே ஐயா?" என்று கேட்டார்.

மூன்றாவது, சாய்ந்தமருதில் ஒரு திருத்தும் கடை. அவரிடம் இருந்தது ஏதோ கம்பனி பாவித்துக் கழித்த, செங்கல் மாதிரியான லப்டொப். விசைகளில் எழுத்துத் தேய்ந்திருந்தது. விவரக்கூற்றின்படி அந்த இடத்திலேயே நிராகரித்தேன்.

பிறகு முதலாவதையும் இரண்டாவதையும் வைத்துக்கொண்டு குழு பல நாள் கூடியது. பெருநாளுக்கு முந்திய நாளும் வந்தது. மனைவி வட்டிலப்ப அடுப்பை விட்டு எழுந்து வந்தார்.

"ஒங்கட கமிட்டி கலையக்குள்ள என்ட பிள்ளைகள் சோதினை எழுதி முடிச்சிருவாங்க. கடையில போட்டுப் பார்த்தீங்களா?"

"அது ஏலா கா. தெரிவுக்கு முன்ன வழங்குநரின்ட பொருளத் தொட்டா பக்கச்சார்பு."

இது சுற்றறிக்கையில் இருந்ததா, நானே உண்டாக்கிக்கொண்டதா என்பது இப்போது நினைவில்லை.

"மருதமுனையில ஒரு சாரன் வாங்கவே கரையத் தடவி, வெளிச்சத்துக்குப் புடிச்சுப் பார்க்கிற ஆள் நீங்க. அந்தப் பென்ன எடுங்க."

லினக்ஸ் போட்ட பென் ட்ரைவ் என் சட்டைப் பையில் இருந்தது. கணினியில் எதையும் பதியாமல், அதைச் செருகியே ஓட்டிப் பார்க்கலாம். ஊருக்கெல்லாம் நான் சொல்லிக் கொடுத்த விஷயம்தான். கூறுவிலை கேட்கப் போன ஒவ்வொரு தடவையும் அது என்னோடு வந்து, என்னோடு திரும்பியிருக்கிறது.

பெருநாள் சனத்துக்குள் நெரிபட்டு முதல் கடைக்குப் போனோம். மனைவியே செருகினார். படம் வந்தது, சத்தம் வந்தது, கமராவில் எங்கள் இரண்டு பேரின் முகமும் வந்தது. வைஃபை வரவில்லை.

"அப்டேட் ஒண்டு வந்தா சரியாகிரும், இன்ஷா அல்லாஹ்" என்றார் முதலாளி, முகட்டைப் பார்த்தபடி.

பாண்டிருப்பு லப்டொப் அந்தப் பென்னை மதிக்கவே இல்லை. "ஓம் ஐயா" என்று சொல்லியவர் மன்னிப்புக் கேட்டு, பிளேன்டீ எடுப்பித்தார். நோன்பு என்றதும் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டார்.

கடைசியாகச் சாய்ந்தமருதுச் செங்கல். படம், சத்தம், கமரா, வைஃபை எல்லாம் கேட்காமலே வந்தன. காரணம் எனக்குத் தெரியாததல்ல. புதிய உறுப்புகளுக்கான இயக்கிகள், அதாவது ட்ரைவர்கள், லினக்ஸுக்கு வந்து சேரச் சுணங்கும். பழையவற்றுக்குப் பெரும்பாலும் வந்து முடிந்திருக்கும். இதை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். "புத்தம் புதியதாக இருத்தல் வேண்டும்" என்று எழுதி அடியில் கோடும் போட்டவன் நானேதான். கணக்காய்வுக்குப் பயந்த கை அது. இளைப்பாறியும் அதற்குப் பயம் விடவில்லை.

"விவரக்கூற்றுப்படி இது..." என்று தொடங்கினேன். மனைவி லப்டொப்பைப் பையில் போட்டுவிட்டார்.

பெருநாள் கழிந்து வகுப்பு தொடங்கியது. திரை நிறையத் தொகையீட்டுக் குறிகள் தெளிவாக நின்றன. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, மனைவியின் பின்னால் போய் நின்றேன்.

"டீச்சர், ஒங்கட பின்னுக்கு நிக்கிறது ஆரு?" என்று பொத்துவிலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

மனைவி திரும்பியும் பார்க்கவில்லை. "அது டெக்னிக்கல் கமிட்டி. நீங்க எழுதுங்க மக்காள்."

குழு ஏகமனதாக அறையை விட்டு வெளியேறியது.