கவர்மெண்டுக்குக் கொடுத்த தண்ணீர்

எங்கள் தெருவுக்குக் கிணறு ஒன்றுதான். இராஜபாளையத்தில் பஞ்சாலைச் சங்கு நன்றாகக் கேட்கும் தூரத்தில் இருந்தது அந்தத் தெரு. யார் வீட்டுக் குழம்பைப் புகழ்ந்தாலும், ‘எல்லாம் நம்ம கிணத்துத் தண்ணி’ என்பார்கள். அப்படிப்பட்ட தண்ணீரைச் சோதித்துப் பார்க்கப்போவதாகச் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் சைக்கிளில் வந்து நின்றபோது, பெண் பார்க்க வந்தவன் பல்லைப் பிடித்துப் பார்த்ததுபோல் தெருவுக்கே ரோஷம் வந்துவிட்டது.

வீட்டுக்கு ஒன்றாக எல்லோருக்கும் சின்னக் கண்ணாடி பாட்டில் கொடுத்தார் அவர். உள்ளே மடித்த காகிதத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் மருந்து தோய்த்துக் காயவைத்திருக்கிறதாம். கரண்டு வேண்டாம், பூதக்கண்ணாடி வேண்டாம், நம் அரசாங்க ஆய்வுக்கூடத்திலேயே கண்டுபிடித்தது என்று தன் சொந்தப் பிள்ளையைச் சொல்வதுபோல் சொன்னார்.

“தினமும் குடிக்கிற தண்ணியைக் கோடு வரைக்கும் ஊத்தி மூடி வச்சிருங்க. நாளன்னைக்கு வாரேன். கருத்துப்போச்சுன்னா அந்தத் தண்ணி ஆகாது.”

அப்போது அம்மா வீட்டில் இல்லை. கைக்குழந்தையான தங்கச்சிக்கு வயிற்றுப்போக்கு நிற்காமல், அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு தன் பிறந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, எங்களுக்கு எதிர்வீடு. அம்மாவின் பால் திரிந்துபோனதால்தான் பிள்ளைக்கு ஆகவில்லை என்று கண்டுபிடித்தது அவள்தான். அதற்கு பாட்டில் எதுவும் தேவைப்படவில்லை. பாலை நிறுத்திவிட்டுப் பால்பவுடரைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னாள். பிள்ளைக்கு முன்னைவிட அதிகமாகத்தான் போயிற்று. “உடம்புல ஊறுன விஷம் லேசுல எறங்குமா?” என்றாள் அத்தை. தாய்ப்பால் கொடுக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அம்மாவுக்குத்தான் துணிச்சல் வரவில்லை. பெற்ற பிள்ளைக்குத் தானே எமன் ஆகிவிட்டோம் என்று நம்பிவிட்டாள்.

மில்லுக்குப் புறப்பட்ட அவசரத்தில் அப்பா, “ஏட்டி, நீயே ஊத்தி வச்சிரு” என்றுவிட்டார். நான் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, சிந்தாமல் கோடு வரைக்கும் ஊற்றி, அடுப்படி மாடத்தில் வைத்தேன்.

அதற்குப் பிறகு எனக்குப் பள்ளிக்கூடத்தில் மனம் ஒட்டவில்லை. மணி அடித்ததும் ஓடிவந்து பாட்டில் முன்னால் உட்கார்ந்துகொள்வேன். முதலில் வெறும் டீத்தண்ணீர் நிறம். மறுநாள் காலையில் காகிதத்தின் ஓரத்தில் கோழிக் கண் அளவுக்கு ஒரு கறுப்பு. சாயங்காலம் அடியிலிருந்து புகைபோல ஏறி, விளக்கேற்றும் நேரத்துக்கு முழுசும் பேனா மையாகிவிட்டது. யாரும் கலக்காமல் தண்ணீருக்குள் இத்தனை மை எங்கே ஒளிந்திருந்தது? அதை ஊற்றி எழுதிப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். மூடியைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் பிழைத்தேன்.

தெருவில் மற்ற எந்த வீட்டு பாட்டிலும் கறுக்கவில்லை. செய்தி பரவியதும் அத்தை வாசலில் நின்று, “வீட்டுல பொம்பளை சரியில்லைன்னா தண்ணியும் கருக்கத்தான் செய்யும்” என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா ஊரிலேயே இல்லை, அவளை எதற்கு இழுக்க வேண்டும்?

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து கிணற்றடியில் பாட்டில்களை வரிசையாக வைத்தபோதுதான், அம்மாவும் தங்கச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். பிள்ளை கழுத்து நிற்காமல் துவண்டு கிடந்தது.

இன்ஸ்பெக்டர் எங்கள் கறுப்பு பாட்டிலையும் மற்றவற்றையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே கிணறு, எப்படி என்று அவருக்குப் பிடிபடவில்லை. அத்தை வீட்டு பாட்டிலைத் திறந்து மோந்தார். இன்னொன்றையும் மோந்தார்.

“ஏம்மா, உங்க கிணத்துல சீரகமா விளையுது?”

“சீரகம் போட்டுக் காய்ச்சி, வெள்ளைத் துணில வடிகட்டி ஊத்துனோம் சார்” என்றாள் அத்தை பெருமையாக. மற்ற வீட்டுப் பெண்கள் எல்லோரும் தாங்களும் அப்படியே செய்ததாகத் தலையாட்டினார்கள்.

“தினமும் இப்படித்தான் குடிக்கிறீங்களா?”

“அம்புட்டு வெறகுக்கு எங்க போக? இது கவர்மெண்டுக்குக் குடுக்கதுல்லா! பச்சைத் தண்ணியவா குடுப்போம்?”

அவர் சிரிப்பை அடக்கமாட்டாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். பிறகு, உடைந்த சாக்கடை கிணற்றுச் சுவரோரம் தேங்குவதைக் காட்டி, இந்த ஒரு பாட்டில்தான் உண்மையைச் சொல்கிறது, பிள்ளைகளுக்கு வயிறு போவதெல்லாம் இந்தத் தண்ணீரால்தான் என்றார்.

அம்மா முன்னால் வந்தாள். “சார், அப்போ என் பாலு இல்லையா?”

அவருக்குப் புரியவில்லை. அம்மா குனிந்த தலையோடு எல்லாவற்றையும் சொன்னாள்.

“யாரும்மா சொன்னது? உங்க பால் ஒண்ணுதான் இந்தத் தெருவுல காய்ச்சாமக் குடிக்கலாம். போய்க் குடுங்க முதல்ல.”

அம்மா அந்தக் கறுப்பு பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள். அதை அழிக்க வேண்டும், கொடுங்கள் என்றார் அவர். “செத்த நேரம் இருக்கட்டும் சார்” என்று சொல்லிவிட்டு, அத்தையைத் தாண்டி வீட்டுக்குள் போனாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்து தங்கச்சிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள் அம்மா. பாட்டில் அவள் மடியோரத்தில் இருந்தது. தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். தெருவிலேயே எங்கள் பாட்டில் மட்டும் கறுத்துப்போன அவமானம்தான் அவளை அப்படி அழவைக்கிறது என்று நினைத்தேன். எப்படியாவது தேற்ற வேண்டும் என்று தோன்றியது.

“அழாதம்மா. அடுத்த தடவை நானும் சீரகம் போட்டுக் காய்ச்சி ஊத்துதேன். நம்ம பாட்டிலும் கருக்காது.”

“வேண்டாம் தாயி” என்றாள் அம்மா, கண்ணைத் துடைக்காமலே. “நீ ஊத்துனபடிக்கே ஊத்து.”

தெரு முழுக்க எங்கள் மானம் போய்க் கிடக்கும்போது இவள் ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.