பிடி, பிடு, இடி

எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். ஓசூரில் அப்போது அது யாருக்கும் அதிசயமில்லை. மூன்றும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று ஒரு கர்வம் இருந்தது. அந்தக் கர்வம் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தில் மண்ணைக் கவ்வியது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் செம்மண் மைதானம், இரண்டு மரக் கம்பங்கள், வலையில்லாத இரும்பு வளையங்கள். ஆட்டம் சொல்லிக்கொடுத்த டிரில் மாஸ்டர் மாலூர்க்காரர். பாடம் எதுவானாலும் மைதானத்தில் அவர் வாயில் வருவது கன்னடம்தான். நான் அணியிலேயே குள்ளன். பந்து என் கையில் இரண்டு விநாடி தங்கினால் நெட்டைப் பையன்கள் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் பந்து வந்ததுமே “பிடு, பிடு” என்று கத்துவார். கன்னடத்தில் பிடு என்றால் விடு. இரண்டு வருடத்தில் அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், நான் யோசிப்பதற்கு முன்பே கை பந்தை இன்னொருவனுக்கு அனுப்பிவிடும். அந்தக் கைக்காகத்தான் எனக்கு அணியில் இடம்.

மாநிலங்களைப் பிரித்தபோது அவர் மைசூர்ப் பக்கம் போய்விட்டார். ஓசூர் இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அவருடைய இடத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு மாஸ்டர் வந்தார். பந்தை வந்த வேகத்தில் தள்ளிவிடுவது இவருக்கு ஆகாது. தட்டிக்கொண்டே போ, ஆளைப் பார், அப்புறம் கொடு என்பார். மூன்று மாதத்தில் நெட்டைப் பையன்களுக்கு நடுவில் பந்தோடு புகுந்து வெளியே வரப் பழகியிருந்தேன். ஆனாலும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. பழையவர் மேல் அவ்வளவு பாசம்.

கிருஷ்ணகிரிப் பையன்கள் ஆட வந்தார்கள். அந்த ஆட்டத்தில் நன்றாக ஆடுகிறவர்களைத்தான் சேலத்துப் போட்டிக்கு அழைத்துப்போவதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். நான் அதுவரை சேலத்தைப் பார்த்ததில்லை. முடிய சில விநாடிகள் இருந்தபோது நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். பந்து என் கைக்கு வந்தது. விசில் வரும்வரை அதை வைத்திருந்தால் போதும். மாஸ்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து “பிடி, பிடி” என்று கத்தினார். கூச்சலில் கடைசி எழுத்து கரைந்துபோனது. பந்து என் கையை விட்டுப் போயிற்று. கிருஷ்ணகிரிப் பையன் ஒருவன் நடுவில் பாய்ந்து அதை வாங்கி, வளையத்தில் போட்டுவிட்டான்.

“ஏலே, பிடிக்கச் சொன்னா விடுதியா?” என்றார் மாஸ்டர்.

“நீங்கதான சார் உடச் சொன்னீங்க.”

அவர் முகம் சிவந்துவிட்டது. பழைய வாத்தியாரை மனதில் வைத்துக்கொண்டு தன்னைக் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். சேலத்துப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்தார். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டு அழுதேன்.

அம்மா தன் தம்பியிடம் சொன்னாள். என் மாமா பாகலூர் வழியாக மாலூர் போகும் பஸ்ஸில் கண்டக்டர். ‘உள்ளே தள்ளி நில்’ என்பதை மூன்று பாஷையிலும் அதட்டிச் சொல்லக்கூடியவர். மறுநாள் காக்கிச் சட்டையோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

“தப்பா நெனச்சுக்காதீங்க சார். இவன் காதுல அது பிடுன்னு உழுந்திருக்குது. கன்னடத்துல அப்படின்னா உட்டுடுன்னு அர்த்தம்.”

மாஸ்டர் மாமா பக்கம் திரும்பினார். “அப்போ பிடிச்சுக்கோன்னு எப்படிச் சொல்லணும்?”

“ஹிடி.”

அடுத்த திங்கட்கிழமை பயிற்சியில் பந்து என்னிடம் வந்தது. மாஸ்டர் அடிவயிற்றிலிருந்து கத்தினார். ‘ஹி’ அவருக்கு வரவில்லை. மைதானம் முழுக்கக் கேட்டது “இடி” தான். எதிரே நின்ற உத்தனப்பள்ளிப் பையன் சொன்ன பேச்சைத் தட்டாதவன். ஓடிவந்து ஒரே இடி. நான் பந்தோடு புழுதியில் உருண்டேன். பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து மாஸ்டர் கத்துவதை விட்டுவிட்டு, கையை உயர்த்தி முஷ்டியை மூடிக்காட்டினார். மூடினால் பிடி, விரித்தால் விடு. சேலத்துக்கு நானும் போனேன். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம் என்பது வேறு விஷயம்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய நாளைப் பற்றி மாமா என்னிடம் சொன்னது நான் வேலைக்குப் போன பிறகுதான். என்னிடம் சொல்லக் கூடாது என்று மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம்வரை மாஸ்டர் மாமாவின் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து, மாலூருக்கும் ஓசூருக்குமாகப் போய்ப் போய் வந்திருக்கிறார். மாமா டிக்கெட் கிழித்துக்கொண்டே “ஹிடி” என்பார், அவர் “இடி” என்பார். சந்தைக்குப் போன பெண்கள்கூடத் திருத்திப் பார்த்தார்களாம்.

அன்று எனக்கு அது தெரியாது. புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்து, அந்த மைதானத்தில் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்தான்.