சனிக்கிழமை டம்ளர்

என் தங்கை சாராளின் கணவர் தாவீதைப் போல வெள்ளைச் சட்டை உடுத்துகிறவரை நான் பார்த்ததில்லை. மடிப்புக் கலையாது, காலரில் அழுக்கு இருக்காது. படாளத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். ஐ.டி.ஐ. படித்து, நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் இடத்தில் எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்து, இன்று சூப்பர்வைசர். கேளம்பாக்கத்தில் சொந்த ஃபிளாட். இதெல்லாம் அவர் வாயாலேயே ஊருக்குத் தெரியும். சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

அவருடைய அப்பா குடித்தே செத்தவர். அதையும் அவரே சொல்வார். எங்கள் படாளம் சபையில் வருடத்துக்கு ஒருமுறை மதுவிலக்கு ஞாயிறு உண்டு. அன்றைக்குச் சாட்சி சொல்ல ஆள் தேட வேண்டியதே இல்லை. குடும்பத்தோடு காரில் வந்து இறங்கி, மைக்கைப் பிடிப்பார். "எங்க நைனா குடிச்சிட்டு வந்து எங்கம்மாவ அடிக்கும். நானு மாட்டுக் கொட்டாயில ஒளிஞ்சிகினு இருப்பேன்" என்று ஆரம்பித்து, "என் வூட்டு வாசப்படிய இன்னி வரைக்கும் ஒரு சொட்டு தாண்டுனதில்ல" என்று முடிப்பார். எத்தனை முறை கேட்டாலும் எனக்குக் கண் கலங்கும். பட்ட பாடு பொய்யில்லையே. ஆனால் கடைசி வரிசை ஆண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள் பாருங்கள், அதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது.

போன வருடம் அவர்கள் மகன் ஜெரோம், பதினேழு வயசுப் பையன், நண்பனின் பிறந்தநாள் என்று மாமல்லபுரம் போய் பீர் குடித்துவிட்டு வந்தான். வாயைத் திறந்தாலே நாறுகிறது. "ஜூஸுதாம்பா குடிச்சேன்" என்று சாதித்தான். தாவீது கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார்.

மறுநாள் வேலையிடத்தில் இன்ஜினியர் லக்ஷ்மிநாராயணனிடம் புலம்பியிருக்கிறார். அவர் சொன்னாராம்: "அடிச்சா ஒளிஞ்சு குடிப்பான் தாவீது. என் பையனுக்கு நானே வீட்ல உக்கார வச்சு கொஞ்சம் குடுத்துட்டேன். இப்ப எங்கிட்ட எதையும் மறைக்கிறதில்ல."

அந்தக் கடைசி வார்த்தைதான் இவரைப் பிடித்துக்கொண்டது. தாவீதுக்குக் குடியைவிடப் பொய்தான் பயம். அவர் அப்பா வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து, வாய் நாற நாற, "நான் குடிக்கல" என்று சத்தியம் செய்வாராம். அடித்ததைக்கூட மறந்துவிட்டேன், அதை மறக்க முடியவில்லை என்று சாராளிடம் பல முறை சொல்லியிருக்கிறார்.

எனவே புதுச் சட்டம் வந்தது. "சனிக்கெழம சாயங்காலம், என் எதிர்ல, அரை டம்ளரு. வெளிய வாணாம். அப்பிடியே குடிச்சிட்டாலும் வந்து எங்கிட்ட சொல்லிடு. அடிக்க மாட்டேன். பொய் மட்டும் சொல்லாத."

சாராள் கத்திப் பார்த்தாள். எடுபடவில்லை. இவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வேறு ஊர்க் கடையில் போய் வாங்கி வருவார். ஜன்னலைச் சாத்திவிட்டு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றுவார். பையன் பீரும் மீன் வறுவலுமாக உட்கார்ந்திருக்க, எதிரே இவர் மோர் குடித்துக்கொண்டிருப்பார். கூத்துதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். பையன் மனம் விட்டுப் பேச ஆரம்பித்தான். கெமிஸ்ட்ரியில் ஃபெயிலானதைச் சொன்னான். கூடப் படிக்கிற பெண்ணைப் பிடித்திருப்பதைச் சொன்னான். தாவீதுக்குக் கால் தரையில் பாவவில்லை. "எம்புள்ள எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டான்" என்று என்னிடமே பெருமை அடித்தார்.

இந்த வருட மதுவிலக்கு ஞாயிறும் வந்தது. வெள்ளைச் சட்டை, அதே சாட்சி, அதே வாசப்படி. கடைசி வரிசை குனிந்தது. அவர் வந்து உட்கார்ந்ததும், "வாலிபப் பிள்ளைங்க யாராவது பேசுறீங்களா?" என்று போதகர் கேட்டார். ஜெரோம் எழுந்து போனான். பெருமையில் தாவீதின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"நான் பீச்சுல குடிச்சேன். எங்கப்பாகிட்ட பொய் சொன்னேன். அப்பா அடிச்சாரு. அப்புறம் வூட்லயே உக்கார வெச்சி, சனிக்கெழமல அரை டம்ளர் பீரு அவரே ஊத்திக் குடுத்தாரு. அதுலேர்ந்து நான் வெளிய குடிச்சதில்ல. பொய்யும் சொன்னதில்ல. இப்பிடி ஒரு அப்பாவ குடுத்ததுக்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

அவன் மனதாரத்தான் சொன்னான். அதுதான் கொடுமை. கடைசி வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாராள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு எங்காவது எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

போதகர் மெல்லக் கேட்டார். "தம்பி சொல்றது நிஜமா, தாவீது?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மானம் போயிருக்கும், போகட்டுமே. தாவீது எழுந்தார். கையில் வேதப் புத்தகம் இருந்தது.

"பொய்ங்க ஐயா. புள்ள கூட்டத்தப் பாத்து பயந்துகினு இன்னாவோ ஒளறிட்டான். நாங்க அப்பிடிப்பட்ட குடும்பம் இல்ல."

ஜெரோம் அப்பாவையே பார்த்தான். பிறகு மைக்கைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த வாரம் தாவீதுக்குச் சோறு இறங்கவில்லை. "எங்க நைனா மாரியே பண்ணிட்டேன் சாராளு. அதே பொஸ்தவம், அதே பொய்யி" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். வருகிற ஞாயிறு அதே படாளம் சபையில் எழுந்து உண்மையைச் சொல்லிவிடுவதாகவும் சொன்னாராம். சாராள் போனில் அழுததால் சனிக்கிழமை நான் கேளம்பாக்கம் போனேன். சாயங்காலம் மேஜை மேல் டம்ளர் தயாராக இருந்தது. பையனிடம் மன்னிப்புக் கேட்க இவருக்கு வேறு வழி தெரியவில்லை.

ஜெரோம் விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து வந்தான். செருப்பைக் கழற்றும்போதே தள்ளாடினான். நாற்றம் கூடம் வரைக்கும் வந்தது.

தாவீது எழுந்து அவன் தோளைத் தொட்டார். "எங்கடா குடிச்ச? சொல்லுடா கண்ணு. அடிக்க மாட்டேன்."

"நான் எப்பப்பா குடிச்சேன்?"

குரலில் கோபமே இல்லை. கண்ணைக்கூட அவன் தாழ்த்தவில்லை.

"டேய்..."

"நாம அப்பிடிப்பட்ட குடும்பம் இல்லியேப்பா."

உள்ளே போய் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். தாவீது டம்ளரை எடுத்துப்போய்ச் சமையலறைத் தொட்டியில் கொட்டினார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

காலையில் வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டபடியே ஹேங்கரில் தொங்கியது. படாளம் சபைக்கு நான் மட்டும் பஸ் ஏறினேன்.