இல்லாத பூனைக்கு ஒரு வீடு

கெய்ரோவின் ஷுப்ராவில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் தஹானிக்குப் பொய் சொல்வது புதிதல்ல. மாமியார் சமையலை வாய் நிறையப் புகழ்ந்தே குடித்தனத்தை ஓட்டியவள். ஆனால் அன்று போனில் சொன்ன பொய்க்கு நான்கு கால்களும் ஒரு வாலும் தேவைப்பட்டன.

துபாயிலிருந்து மகன் ஹைஸம் மறுபடி ஆரம்பித்திருந்தான். "இந்த வயசுல தனியா எதுக்கும்மா அல்லாடுற? வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடு. வியாழக்கிழமை வரேன், கையோட கூட்டிட்டுப் போறேன்."

"வர முடியாதுடா. பூனை இருக்கு."

"பூனையா? எப்பலேருந்து?"

"ஒரு வருஷமா. பாஷான்னு பேரு. என்னை விட்டா அதுக்கு யாரு இருக்கா?"

போனை வைத்தபிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பூனையும் இல்லை, புண்ணாக்கும் இல்லை. ஆனால் வீட்டை விட்டுக் கிளம்புவதாகவும் இல்லை. கணவன் கண்மூடிய வீடு. பால்கனியில் நின்றபடியே எதிர்வீட்டுக்காரியோடு சண்டை போடலாம். மருமகளின் வானளாவிய மாடியில் போய் யாரோடு சண்டை போடுவது? அங்கே போனால் சீக்கிரமே செத்துப்போவோம் என்று உண்மையாகவே பயந்தாள்.

பால்கனியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கினாள். கீழே மளிகைக்கடை பிஷோய் வழக்கம்போல் ரொட்டியோடு வந்தான்.

"ரொட்டி வேண்டாம். ஒரு பூனை போடு."

"என்னக்கா, சமைக்கவா?"

"உன் நாக்குல புழுத்துப் போக! வளர்க்கடா. நல்லா வளர்ந்த பூனையா வேணும்."

"தெருவுல திரியுற பூனை உங்க மூஞ்சில கோலம் போட்டுட்டுதான் இறங்கும். எங்க கடைப்பூனை குட்டி போட்டிருக்கு, பால்குடி மறந்தாச்சு. அதைத் தரேன். முதல்ல வீட்டை ஒழுங்கு பண்ணுங்க."

பிறகு அவன் கீழிருந்து கத்திக் கத்தி எடுத்த பாடம் தெருவுக்கே கேட்டது. பால்கனிக் கம்பியில் வலை கட்டச் சொன்னான். ஊசி நூலை டப்பாவில் போட்டு மூடச் சொன்னான். குட்டி வெளிக்குப் போக, மண் நிரப்பிய தட்டு ஒன்று மூலையில் வேண்டுமாம். "பாத்திரம் கழுவுற மருந்தையெல்லாம் பரண்ல ஏத்துக்கா!" என்று சம்பந்தமே இல்லாத பழக்காரனும் சேர்ந்துகொண்டான்.

"கண்ணாடி அலமாரியைக் காலி பண்ணுங்க," என்றான் பிஷோய் கடைசியாக. "குட்டி ஏறிச்சுன்னா ஒரு தட்டு மிஞ்சாது."

தஹானி திரும்பி அலமாரியைப் பார்த்தாள். அது அவள் கல்யாணச் சீர். தங்க விளிம்பு போட்ட பீங்கான், கல்யாண நாளிலிருந்து ஒரு பருக்கைச் சோற்றைக் கண்டதில்லை. ஷுப்ராவில் யார் வீட்டுத் தட்டுதான் கண்டிருக்கிறது? வருகிறவர்கள் பார்த்து வயிறெரிந்தால் தட்டின் கடமை முடிந்தது. அலமாரி இருந்த விருந்தறையில் பொன்முலாம் பூசிய சோஃபாக்களும் போர்வை மூடிக் கிடந்தன. சின்ன வயதில் அதில் உட்கார்ந்ததற்கு ஹைஸம் செருப்படி வாங்கியிருக்கிறான்.

வேறு வழியில்லை. திட்டிக்கொண்டே தட்டுகளை இறக்கி அடுக்களை முழுக்க அடுக்கினாள்.

திங்கட்கிழமை பாஷா கூடையில் ஏறி வந்தார். தெருவே கைதட்டியது. உள்ளே பார்த்தால் பெண்குட்டி, உள்ளங்கை அளவு. பெயரை மாற்ற நேரமில்லை. சாதாரணத் தட்டுகள் பீங்கான் மலைக்குப் பின்னால் சிக்கியிருந்ததால், கைக்கு அகப்பட்ட தங்க விளிம்புத் தட்டில் கோழிச்சாறு ஊற்றினாள். மூன்று நாள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பாதி இரவு வரை நாடகம் பார்த்துவிட்டு நண்பகலில் எழுகிறவளை, பாஷா விடியலிலேயே கால் கட்டைவிரலைக் கடித்து எழுப்பியது. "நாசமாப் போறவளே, உனக்கு என்னடி அவசரம்?" என்று எழுந்து சாறு சுடவைத்தாள். விருந்தறைக் கதவைச் சாத்தினால் குட்டி ஊரைக் கூட்டியது. கதவு திறந்தது. போர்வையில் நகம் மாட்டிக்கொண்டு அலறியது. போர்வையும் போனது.

வியாழக்கிழமை ஹைஸம் வந்தான். குட்டியைக் கழுத்தோடு தூக்கிப் பார்த்தான்.

"இதுவா ஒரு வருஷப் பூனை?"

"சரியாச் சாப்பிடறதில்ல. நீயும் இப்படித்தான் நோஞ்சானா இருந்தே."

அவன் சிரிக்கவில்லை. பால்கனி வலையையும் வெறும் அலமாரியையும் பார்த்தான். கையிலிருந்து துள்ளிய பாஷா, பொன்முலாம் சோஃபாவில் ஏறி நீட்டிப் படுத்தது. கீழே அதன் தட்டு இருந்தது.

"அம்மா, எனக்கு இந்தத் தட்டுல ஒரு தடவைகூடச் சோறு போட்டதில்லையே."

தஹானிக்கு வெட்கமாக இருந்தது. மகனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. உள்ளே போய் இன்னொரு தங்க விளிம்புத் தட்டைக் கழுவி, சோறு போட்டு, அவனுக்குப் பிடித்த மொலோகியாக் கீரைக் குழம்பை ஊற்றிக்கொண்டு வந்தாள். சோஃபா அருகே அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"உக்காருடா. செருப்பைக் கழட்ட மாட்டேன்."

தட்டை வழித்துச் சாப்பிட்டான். பாஷா மடியில் ஏறியபோது போன் அடித்தது. அவன் மனைவி. தஹானி மேசையைத் துடைக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"இல்ல, அம்மா வரமாட்டாங்க," என்றான் ஹைஸம். "பூனை இருக்கு."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"ஒரு வருஷமா," என்றான்.